வெளுத்துப்போன காந்தாவின் முகம்

என் பெயர் ஞானஜோதி, வயது 36, கணவர் பெயர் டேனியல். பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவில் குடியிருந்துகொண்டு, வீட்டு மாடியில் போட்டோ, மாலைப் பூ போன்றவற்றை ரெசினில் பதித்துக் கொடுக்கும் தொழில் செய்து வருகிறேன். ரெசின் என்பது ஊற்றும்போது தேன் மாதிரி இருந்து, இறுகிய பின் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் பொருள்.

பெருங்களத்தூரைச் சேர்ந்த கார்த்தி என்பவர், இறந்துபோன தன் தாயார் காந்தாவின் போட்டோவைப் பதித்துத் தரச் சொன்னார். அவரிடம் இருந்தது அந்த ஒரு படம்தான். காப்பி எடுத்துப் பதிக்கலாம் என்று நான் சொன்னதற்கு, அம்மா கைபட்ட அசல்தான் வேண்டும் என்றார். அதன்படி செய்ததில், இறுகிய பிறகு தாயாரின் பொட்டுக்கு மேலே ஒரு காற்றுக்குமிழி நின்றுவிட்டது. அது என் வேலையில் வந்த குறைதான், மறுக்கவில்லை. சரிசெய்து தருவதாக வாங்கி வைத்தேன்.

அதன் பிறகு போட்டோவில் படாமல் குமிழியைத் துளைத்து, புது ரெசின் விட்டு நிரப்பி, அது இறுகியதும் மேடுபள்ளம் தெரியாமலிருக்க மேற்பரப்பு முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்தேன். தேய்த்தால் வெள்ளையாகத்தான் போகும். மேலே ஒரு பூச்சு விட்டால் பழையபடி தெளிந்துவிடும். இதைக் கார்த்தியிடம் முன்பே சொல்லி, நான் கூப்பிடும்வரை வர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். சொன்னதை யார் கேட்கிறார்கள்.

நேற்று அவர் சொல்லாமல் கொள்ளாமல் மாடிக்கு வந்து, சுண்ணாம்பு அடித்தது போல் கிடந்ததைப் பார்த்து, "எங்கம்மா மூஞ்சிய அழிச்சிட்டீங்களேக்கா" என்று கத்திவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போனார். "தம்பி, இன்னும் ஒரே ஒரு கோட்டிங்தான் பாக்கி" என்று தெருமுனை வரை பின்னாலேயே ஓடினேன். அவர் நிற்கவில்லை. அதன் பிறகு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து என் மீது புகார் கொடுத்திருக்கிறார்.

இன்று விசாரணைக்கு வந்த நான் இதையெல்லாம் விளக்கியும், காவலர் உமேஷ், "இப்டி வெள்ளையா கீற மூஞ்சி எப்டிம்மா திரும்பி வரும்?" என்றார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, கார்த்தி கொண்டுவந்து வைத்திருந்த அந்த ரெசின் படத்தின் மேல் ஊற்றித் துடைத்தேன். ஈரம் பட்டதும் தாயாரின் முகம் பொட்டோடு தெரிந்தது. குமிழி இருந்த இடமே தெரியவில்லை. அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள். காய்ந்ததும் மறுபடி வெளுத்துவிட்டது.

கொடுங்கள், பூச்சு விட்டால் இப்படியே நிலைத்துவிடும் என்று கேட்டேன். கார்த்தி, "இருங்கக்கா" என்று பாட்டிலை வாங்கி அவரே ஊற்றினார். காயக் காய ஊற்றிக்கொண்டே இருக்கிறார். இதை எழுதி முடிக்கும் இந்நேரம் வரை அதை என் கையில் கொடுக்கவில்லை.

நான் சொன்னது சொன்னபடியே எழுதப்பட்டிருப்பதைப் படித்துக் காட்டக் கேட்டேன். அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
ஞானஜோதி