ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு சுவர்

டிசம்பர் 26, 2004. ஞாயிறு. காலை பத்து மணி இருக்கும்.

முழங்காலால் போகிறேன். தலைக்கு மேல் ஓடு. கீழே மச்சுப் பலகை. பின்னால் ஒன்பது பேர். அதற்கும் பின்னால், லாரியிலிருந்து கருங்கல் கொட்டுவது போல ஒரு சத்தம். முதல் வீடு விழுந்துவிட்டது.

"நிக்காத மக்கா. போ, போ."

பிலோமினா அக்கா. மூன்றாம் வீட்டுக்காரி. நான் கொத்தனார், வேலை கிடைக்கிற ஊரில் தங்குகிறவன். அந்த வருடம் அவள் வீட்டு மாடியில் இருந்தேன். சற்று முன்பு படியில் நின்று கத்தியவளும் அவள்தான். "கடலு கேறி வருது. எல்லாரும் மச்சுல கேறுங்க."

மண்டைக்காட்டுக்கு மேற்கே, கடற்கரையில் இருந்தது அந்த வரிசை. பெயர் சாயிப்பு லைன். கயிறு வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்காரன் தன் ஊரில் உள்ளதுபோலக் கட்டியது. எட்டு வீடுகள். முதல் வீடு கடல் பக்கம். எட்டாவது ரோட்டோரம். முன்பக்கம் ஒடுக்கம், உள்ளே நீளம், மேலே மாடி. வீட்டுக்கு ஒரு புகைக்கூண்டு. அதன் வழியே மழைதான் இறங்கும். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். இங்கே ஆணி அடித்தால் அங்கே காரை உதிரும். ஒரு வீடு போனால் அடுத்த வீட்டுக்குப் பிடிமானம் இல்லை.

நடுச்சுவர்கள் மாடியோடு நின்றுவிடும். கூரைக்குக் கீழே எட்டு வீட்டுக்கும் ஒரே மச்சு. கருவாடும் பழைய வலையும் அங்கே கிடக்கும். யார் தலைக்கு மேலும் யாரும் போகலாம்.

ஆறாம் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. சவூதியில் வேலை. ஆகஸ்டில் லீவு முடிந்து போகுமுன் என்னைக் கூப்பிட்டார்.

"பொண்டாட்டி ஒத்தைக்கு இருக்கா. மேல அடச்சுத் தாரும்."

ஐந்தாம் வீட்டுப் பக்கம் அடைத்தேன். செங்கல். ஒன்பது அங்குலம். சிமெண்டு ஒன்றுக்கு மணல் ஆறு போதும் என்றார். பலமாக நிற்கட்டும் என்று நான் நாலுதான் போட்டேன். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றினேன். வலை எடுக்க வந்த பிலோமினா அக்கா பார்த்துச் சிரித்தாள். "ஜெயிலு கெட்டுதியா?"

ஐந்தாம் வீடு. என் கை சுவரில் முட்டுகிறது.

மறந்துவிட்டேன். பத்துப் பேரும் மறந்துவிட்டோம். மச்சில் ஏறினால் ரோட்டுக்குப் போகலாம் என்றுதான் எல்லோர் உடம்புக்கும் பழக்கம்.

உதைத்தேன். அசையவில்லை. அந்தப் பக்கம் ஜெசிந்தாவின் குரல். ஆறாம் வீட்டுக்காரரின் மனைவி. "ஆரு அங்க?" அம்மிக்குழவியால் இடிக்கிறாள். டொம். டொம். ஏழு எண்ணினேன். ஒரு கல்லும் இளகவில்லை.

பின்னால் இரண்டாம் வீடு போனது.

"நீ கெட்டுன சுவருதானே மக்கா. எங்க தட்டுனா இளகும்னு ஒனக்குத் தெரியாதா?" என்றாள் பிலோமினா அக்கா.

தெரியும். எங்கே தட்டினாலும் இளகாது.

முதுகால் முட்டி ஓட்டைப் பெயர்த்தேன். ஓர் ஆள் நுழையும் துளை. மூன்று பேரை மேலே தள்ளினேன். நாலாவதாக நான் ஏறி, சுவருக்கு நேர் மேலே கால் ஊன்றினேன், மற்றவர்களைத் தூக்க. குனிந்தேன். பிலோமினா அக்கா தன் இளைய மகளைத் தூக்கிப் பிடித்திருந்தாள். விரல் பட்டது. மூன்றாம் வீடு, நான்காம் வீடு, ஐந்தாம் வீடு. ஒரே சத்தம். என் காலுக்கு முன்னால் கூரை இல்லை. என் சுவர் வரை கிழிந்து நின்றுவிட்டது.

நாலைந்து நாள் கழித்து ஒரு இன்ஜினீயர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "நல்ல வேல. இது இருந்ததாலதான் மூணு வீடு நிக்குது." யார் கட்டியது என்றார். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள்.

சில வருடம் கழித்துப் போனேன். சுவர் இருக்கிறது. ஜெசிந்தா பக்கம் பூச்சில் குழவித் தடங்கள். பூசவிடமாட்டேன் என்றாளாம்.

போனவை: ஐந்து வீடுகள். ஐந்து புகைக்கூண்டுகள்.

போனவர்கள்: முதல் வீட்டில், மச்சுக்கு ஏறாத இரண்டு பேர். இரண்டாம் வீட்டில் கணவனும் மனைவியும். நான்காம் வீட்டில் ஒருவர். மூன்றாம் வீட்டில் பிலோமினா அக்கா, மூத்த மகள், இளைய மகள்.

எட்டுப் பேர். அதில் என் சுவருக்கு முன்னால், மச்சில், ஆறு பேர்.