மாமனார் விட்ட மூச்சு

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். சோபாவில் உட்காருங்கள். மீன்தொட்டியை மட்டும் தட்டாமல் இருந்தால் போதும், மீன்கள் மிரளும்.

எனக்கு ஓர் எறும்பை மிதிக்கக்கூட மனசு வராது. என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் கேளுங்கள்.

கடல்நீர்த் தொட்டி வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. குழாய்த் தண்ணீரில் நாலு மீனை விட்டு வேடிக்கை பார்க்கிற சங்கதியல்ல இது. உப்புத் தண்ணீர் கலக்க வேண்டும், பி.எச். பார்க்க வேண்டும். தண்ணீர் அமிலப் பக்கம் சாய்கிறதா, காரப் பக்கம் சாய்கிறதா என்று சொல்லும் அளவு அது. எட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். அப்படி நின்றால், சோதனைச் சொட்டு விட்ட தண்ணீர் ஊதாவாக மாறும். என் தண்ணீர் பழுப்பைத் தாண்டவில்லை. பொடி வாங்கிப் போட்டேன். ஏறியது, மறுநாளே பழையபடி இறங்கியது. ஒரு மீன் சாய்ந்து சாய்ந்து நீந்த ஆரம்பித்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொட்டி விற்ற கடைக்காரர் வீட்டுக்கே வந்து பார்த்தார். "புதுத் தொட்டி, கொஞ்ச நாள் அளவு ஏறி இறங்கத்தாங்க செய்யும். ஆனா எல்லா ஜன்னலையும் சாத்தி வெச்சிருக்கீங்களே. மனுஷங்க விடுற மூச்சு இங்கயே தங்கித் தண்ணியில கலந்தா பி.எச். இறங்காம என்ன செய்யும்? ஜன்னலைத் திறந்து வைங்க."

திறந்தேன். மாமனார் மூடினார்.

அவர் எங்களோடுதான் இருந்தார். நெஞ்சுச் சளி, குளிர் ஆகாது. பகல் முழுக்கத் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சு விடுவார். சாதாரண மூச்சா? டிவியில் செய்தி ஓடினால் பெருமூச்சு, ஓடாவிட்டால் கொட்டாவி. குறை சொல்லவில்லை, பெரியவர்.

மனைவியிடம் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன்.

"அதுக்காக எங்கப்பா மூச்சு விடாம எப்படிங்க இருப்பாரு?"

"விடவே வேணாம்னு யார் சொன்னா? கொஞ்சம் குறைச்சுக்கலாமே."

விழுந்து விழுந்து சிரித்தாள். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். ஒருத்தரை ஒருத்தர் புரிந்துகொள்ளாததால்தான் குடும்பங்களில் இத்தனை கஷ்டம்.

இன்று காலை அவள் வேலைக்குப் போனதும், மாமனாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் பால்கனியில் உட்கார வைத்தேன். "நல்ல காத்து மாமா, நெஞ்சுக்கு இதமா இருக்கும்" என்றேன். சால்வை போர்த்திவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கதவைத் தாழ்போட்டேன். மழை அப்புறம்தான் வந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

"மாப்பிள்ளை, உடம்பெல்லாம் நனைஞ்சிடுச்சு. கதவைத் திறங்க" என்று கண்ணாடியைத் தட்டினார். மீன்கள் மிரண்டன. திரையை இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகும் தட்டினார், ஆனால் மெதுவாக. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்காத மனிதர்.

கொஞ்ச நேரத்தில் சொட்டு விட்டுப் பார்த்தேன். ஊதா. அப்படியொரு ஊதாவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தச் சந்தோஷத்தில், தட்டுகிற சத்தம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

இல்லை, அது பொய். கவனித்தேன். அது நிற்கட்டும் என்று காத்திருந்துதான் சொட்டையே விட்டேன். சாகட்டும் என்றுதான் தாழ்போட்டேன், சார். மனைவி வந்து திறக்கிற வரைக்கும் அந்தத் தாழ்ப்பாளில் நான் கை வைக்கவில்லை.

சாய்ந்து நீந்திய மீன் இப்போது நேராக நீந்துகிறது, பார்த்தீர்களா? ஓர் உயிரைக் காப்பாற்றினோம் என்கிற நிம்மதி எனக்கு இருக்கிறது.

ஆனால் நீங்களெல்லாம் வந்ததிலிருந்து பி.எச். மறுபடி இறங்குகிறது. ஒரே ஹாலில் இத்தனை பேர். போதாக்குறைக்கு என் மனைவி வேறு, மூலையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருக்கிறாள். அழுதால் மூச்சு இரண்டு மடங்கு போகும். தயவுசெய்து யாராவது அவளைக் கூட்டிக்கொண்டு போய் வெளியே உட்கார வையுங்கள்.

பால்கனி காலியாகத்தான் இருக்கிறது.