பூஜை போட்ட குழி

கார எடுக்காதீங்க சார். கட்டடத்த செக் பண்ண வந்துட்டு உள்ள இன்னா சொன்னீங்க? புதுக் கட்டடம்னா கொஞ்சம் எறங்கத்தான் செய்யும், சகஜம்னு. எல்லாத் தூணும் எறங்கினா சகஜம் சார். ஈசானி மூலைத் தூணு மட்டும் தனியா எறங்குதே, அது இன்னா சகஜம்?

நான் யாரா? பரசுராமன், பென்னலூரு. இந்த ஃபேக்டரில, தூணுங்க மேல தண்டவாளத்துல ஓடற கிரேனுக்கு மெயின்டனன்ஸ் பாக்கறேன். அதுக்கு முன்ன இதே எடத்துல பைலிங் மெஷின் மெக்கானிக்கு. பூமிக்குள்ள ஆழமா குழி போட்டு, கம்பி எறக்கி, கான்கிரீட் ஊத்தி, அது மேல தான இந்தத் தூணெல்லாம் நிக்குது. அந்தக் குழி போட்டப்போ கூட இருந்தவன். அதான் வயிறு எரியுது.

இந்த ஊரு களிமண்ணு உங்களுக்குத் தெரியாததா? வெட்டினா செவுரு மாதிரி நிக்கும். தண்ணி பட்டா சோப்பு. குழி போட்ட அன்னிக்கே கான்கிரீட் ஊத்திடணும், சுத்தி கீற மண்ணு பக்கவாட்டுல இறுக்கிப் புடிச்சிக்கினு தான் பாரத்தத் தாங்கும்னு இன்ஜினியரம்மா சண்முகப்ரியா தொண்ட கிழியக் கத்துச்சு. எவன் கேட்டான்? திங்கக்கெழம நல்ல நேரம் பாத்து மொத குழிய ஈசானி மூலையில போட்டாச்சு. மொத கான்கிரீட்டு ஓனர் கையால தான் வுழணுமாம். ஓனர் ஃபாரின்லேந்து வெள்ளிக்கெழம தான் வந்தாரு. அது வரிக்கும் குழி வாயப் பொளந்துகினு கெடந்துச்சு. நடுவுல மழ வேற.

மூடலியாவா? மூடினாங்க. ஒரு தகரத்தப் போட்டு மேல கல்ல வெச்சாங்க. தண்ணி பர்மிஷன் கேட்டுக்கினா வரும்?

வெள்ளிக்கெழம மோட்டார் போட்டு தண்ணிய எறச்சாங்க. பக்கமெல்லாம் கொழகொழன்னு கீது. இன்னும் கொஞ்சம் அகலமா சீவிட்டு ஊத்தலாம்னு அந்தப் பொண்ணு சொல்லுது, ராகுகாலம் வந்துரும்னு புரோகிதரு வாட்ச்ச காட்டறாரு. நவதானியம், பாலு, பூவு எல்லாம் போட்டு மேல கான்கிரீட்ட ஊத்திட்டாங்க. மத்த குழியெல்லாம் அப்பறம் போட்டது, அன்னன்னிக்கே ஊத்தினது. அதெல்லாம் கல்லு மாதிரி நிக்குது.

டெஸ்ட்டா? பாரம் ஏத்தி டெஸ்ட் பண்ணாங்க சார், நான் இல்லன்னு சொல்லல. எதுல பண்ணாங்க? நடுவுல கீற குழில ஊத்தின பைல்ல. பூஜை போட்ட பைலு மேல பாரம் ஏத்தினா அபசகுனமாம். இப்போ அவ்ளோ பெரிய கிரேனு தெனம் ஏறுதே, அது இன்னா சகுனம்?

போன வாரம் நிறுத்தி வெச்ச கிரேனு, ப்ரேக்கயும் மீறி, இரும்பு ரோலத் தொங்க வுட்டுகினு தானா அந்த மூலைக்கு உருண்டு போவுது. என் கண்ணால பாத்தேன். இவுங்க இன்னாடான்னா விரிசல்ல பட்டி பூசி பெயிண்ட் அடிக்கறாங்க. நீங்க வந்து டீ குடிச்சிட்டு சகஜம்ன்றீங்க. வாய் கூசல?

ஃபோன அப்பறம் எடுங்க சார். மேனேஜர் தான? எனுக்குத் தெரியும். காலையிலேந்து கிரேன் சாவியக் காணோம், லைனே நின்னுகினு கீது, அதத்தான் கேப்பாரு. சாவி என் பாக்கெட்ல கீது. ஸ்பேர் சாவியும் தான். வேல போனா போவுது. அந்தத் தூண சரி பண்ற வரிக்கும் கிரேன் ஓடக்கூடாதுன்னு எழுதி கையெழுத்துப் போடுங்க, ரெண்டையும் உங்க கையிலயே குடுத்துட்றேன்.

எனுக்கு இன்னா அவ்ளோ அக்கறயா? ஷட்டரு தொறந்து தான கீது, உள்ள பாருங்க. ஏணிகிட்ட ஹெல்மெட் போட்டுகினு நிக்குது பாருங்க, அது தான் கிரேன் ஆபரேட்டரு, தேவிப்பிரியா. மேல கூண்டுல உக்காந்து ஓட்டற புள்ள. 'அப்பா, ஏன் சாவியத் தர மாட்டேன்ற'ன்னு கேட்டுட்டு காலையிலேந்து என்னாண்ட பேசல.