என் பங்கு வத்தி

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. மல்லிகை போட்டதுதானே? போலீஸ் ஸ்டேஷனில் இப்படி ஒரு டீ கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் பெயர் வெங். கொசுவத்தி ஆலையில் இருபத்திரண்டு வருடமாக மாவு கலக்கும் மேஸ்திரி. மரத்தூள், பசை மாவு, பச்சைச் சாயம், கொசு மருந்து எல்லாம் என் கையால்தான் சேரும். மருந்து விலை ஏறியபோது முதலாளி பாதிதான் வாங்கித் தந்தார். மீதியை ‘எட்டு’ பார்த்துக்கொள்ளும் என்றார். அந்த ரசாயனத்தின் முழுப்பெயர் எட்டில் தொடங்கும். அதனால் ஆலையில் அதற்கு அதுதான் பெயர். எட்டு தனியாகக் கொசுவைக் கொல்லாது. மருந்துக்குப் பலம் கூட்டும், அவ்வளவுதான்.

வத்தியில் அதைச் சேர்க்கக் கூடாது என்று தடை வந்து வருடங்கள் ஆகிவிட்டன. எரியும்போது அதிலிருந்து நுரையீரலில் புற்றுநோயைக் கொண்டுவரும் ஒன்று கிளம்பலாம் என்று சுற்றறிக்கை வந்தது. படித்துக் கையெழுத்துப் போட்டவன் நான் ஒருவன்தான். அன்று சாயங்காலமே வீட்டில் கொசுவலை கட்டினேன். நான் ஒன்றும் பொறுப்பில்லாத ஆள் இல்லை.

லியாவ், மாவைச் சுருளாக வெட்டும் அச்சு இயந்திரத்தில் இருந்தான். என்னைவிட ஐந்து வயது சின்னவன், கூடப் பிறக்காத தம்பி. அவனுக்குப் பெண் பேசப் போனதே நான்தான். ஒருநாள் என் வீட்டு வலையைப் பார்த்துவிட்டான். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் வாரினான்.

“நம்ம வெங் அண்ணன் கலக்கற வத்திக்கு அவர் வீட்டுக் கொசுவே பயப்படலையாம். பாவம், வலைக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டாரு.”

நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் அண்ணே வலை என்று அவன் அப்போதே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

காயும்போது உடைகிற வத்தியை ஆலையில் தொழிலாளிகளுக்கே கொடுத்துவிடுவார்கள். மாதம் ஆளுக்கு ஒரு பை. என் பங்கையும் லியாவுக்குத்தான் கொடுப்பேன். எனக்குத் தேவையில்லையே.

இந்த ஆகஸ்டில் அவன் மருமகள் பிங்யூவுக்கு ஆண் குழந்தை. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் அறையை விட்டு வெளியே வரக் கூடாது, காற்றும் படக் கூடாது. பன்னிரண்டாம் நாள் சிவப்பு அரிசி ஒயினில் வேகவைத்த கோழியோடு போனேன். ஆண்கள் உள்ளே போவதில்லை. வாசலில் நின்றே எட்டிப் பார்த்தேன். ஜன்னலை இறுக மூடி, இடுக்குகளில் துணி அடைத்திருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரத் தட்டில் நான்கைந்து துண்டுகள் புகைந்துகொண்டிருந்தன. பச்சை நிறத்தைப் பார்த்ததுமே எந்தக் கலவை என்று தெரிந்தது.

ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமே என்றேன். லியாவ் சிரித்தான்.

“பிள்ளை பெத்தவளுக்குக் காத்து பட்டா ஆயுசுக்கும் மூட்டு வலிண்ணே. நீங்க வத்தியைப் பாருங்க, தாயையும் பிள்ளையையும் நாங்க பாத்துக்கறோம்.”

இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் சொன்னால், இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். கோழி ஆறுவதற்குள் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பத்தொன்பதாம் நாள் குழந்தைக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துவிட்டான். ஆனால் அந்த நுரையீரலுக்குப் பின்னால் என்ன வரும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். வீட்டில் என்ன எரித்தீர்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். லியாவ் ஒரு துண்டைக் கொண்டுபோய் ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறான்.

முடிவு வந்த அன்று என் வீட்டுக்கு வந்தான். சத்தம் போடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு வாசல்ல நின்னு பாத்தீங்களே, அப்போ தெரியுமா உங்களுக்கு?”

முப்பது வருடப் பழக்கம், ஐயா. அவனிடம் நான் பொய் சொன்னதே இல்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாததை நம்பி அவனிடம் சொன்னேன். தெரியும்டா என்றேன். ஊற்றி வைத்த டீயைக்கூடத் தொடாமல் எழுந்தவன், நேராக உங்களிடம் வந்திருக்கிறான். அதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு எரிகிறது.

எழுதிக்கொள்ளுங்கள். கலந்தது நான். அந்தப் பையைக் கொடுத்ததும், வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் துரோகம் செய்தது யார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள், ஐயா. லியாவ்.