அடைப்புக்குள் ஓர் எழுத்து

வேலை நேரத்தில் டீ குடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. டீக்குப் போனால் நாலு பேருக்கு முகம் கொடுக்க வேண்டும். அன்றைக்கும் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. அதனால் நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

எங்கள் மையம் வீட்டில் தனியாகக் கிடக்கும் நோயாளிகளுக்கானது. ஒவ்வொருவர் கட்டிலோரமும் எழுத்துப் பொத்தான்கள் வைத்த ஒரு பெட்டி இருக்கும். ‘த’ என்றால் தண்ணீர், ‘ம’ மருந்து, ‘ப’ பேச்சுத்துணை. ஆனால் மூச்சுத் திணறுகிறவர் எழுத்தைப் பார்த்தா அழுத்துவார்? ஆகவே கணினி விதியில் புள்ளி வைத்திருந்தோம். எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்ற கணினிக் குறியீட்டில் புள்ளி என்றால் ஏதாவது ஓர் எழுத்து. எது வந்தாலும் மணி அடிக்கும். புள்ளிக்குப் பதில் சதுர அடைப்பு போட்டால், அடைப்புக்குள் இருக்கும் எழுத்து வந்தால்தான் அடிக்கும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். இதையெல்லாம் நானாகவே கற்றுக்கொண்டேன்.

அந்த நோயாளிகளில் ஒருவரான தையல்காரர் தினமும் காலையில் ‘ப’ அழுத்துவார். நான் போன் செய்வேன். இரண்டு வருடமாக என்னோடு பேசிய ஒரே ஆள் அவர்தான்.

“சாப்பிட்டியா பாப்பா?”

“சாப்பிட்டேன் ஐயா. மாத்திரை போட்டீங்களா? தூங்கினீங்களா?”

“என் பொண்டாட்டிகூட இவ்வளவு கேள்வி கேட்டதில்ல, போ.”

பிறகு ஒரு புதன்கிழமை சொன்னார். “ஞாயித்துக்கிழமை பொண்ணு வந்து கூட்டிட்டுப் போறா. இனிமே உங்க பெட்டி வேணாம்.”

வியாழன் ‘ப’ வரவில்லை. வெள்ளி நானே கூப்பிட்டேன்.

“ஒரு ‘ப’ அழுத்தக்கூடாதா ஐயா?”

“கை நடுங்குது பாப்பா. விரல் எங்க விழுதோ அதான் எழுத்து.”

அன்று மாலை அவருடைய எண்ணுக்கு மட்டும் புள்ளியை எடுத்துவிட்டு, அடைப்புக்குள் ‘ப’ வைத்தேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் மாற்றினேன். ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு ‘ம’ வந்தது. மணி அடிக்கவில்லை. திரையில் ஒரு வரி மட்டும் ஏறியது. பிறகு ‘த’. மறுபடி ‘ம’. பிறகு ‘க’, அதற்கு எங்களிடம் அர்த்தமே கிடையாது. நான் ‘ப’வுக்காகக் காத்திருந்தேன். அது வந்திருந்தால் அந்த நொடியே ஆம்புலன்ஸை அனுப்பியிருப்பேன்.

மேற்பார்வையாளர் அண்ணன் அந்த வழியாகப் போனார்.

“என்னம்மா, இன்னிக்கு மணிச் சத்தம் கம்மியா இருக்கு?”

“எல்லாரும் நல்லா இருக்காங்க போல, அண்ணா.”

பதினொன்றரைக்குப் பிறகு எதுவும் வரவில்லை. மறுநாள் மகள்தான் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தாராம். பெட்டி கையில் இருந்ததாம்.

மொத்தம் நாற்பத்தொரு எழுத்துகள். ஒவ்வொன்றும் வர வர நோட்டில் எழுதி வைத்தேன், நேரத்தோடு. விசாரணைக்கு நீங்கள் எடுத்துப்போன நோட்டில் கடைசிப் பக்கம். படித்து முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவ்வளவு நேரம் என்னிடம் யாரும் பேசியதில்லை.