சொல்லாததை எழுதாத கருவியைத் தேடித் தந்தவருக்கு

புகழனைத்தும் இறைவனுக்கே ஆகுக! கடற்காற்றும் வயற்காற்றும் கலந்து வீசும் கல்முனைக் கரையில், கனிந்த மனத்தோடு கூடியிருக்கும் அவையோரே! முகத்துக்கு நேரே புகழ்ந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழும்பிப் போய்விடும் சுபாவம் எங்கள் நஸ்லின் மிஸ்ஸுக்கு. ஆகவே அவரை விளித்துப் பாட வேண்டிய இம்மடலை உங்களை விளித்தே பாடுகிறோம். அவர் கேட்காதவர் போல் கேட்டுக்கொண்டிருக்கட்டும்!

எங்கள் கரையோரப் பொதுநலச் சங்கத்தின் முன்மேசையில் முப்பதாண்டுக்கு மேலாக அமர்ந்து, எழுதத் தெரியாதோரின் எழுதுகோலாய், அலுவலகங்கள் ஏறி இறங்கிக் களைத்தோரின் இளைப்பாறும் நிழலாய் இருந்த ஏந்தல் இவர். வாய்க்கால் வற்றியவருக்கும் வீட்டு உறுதிப்பத்திரம் தொலைத்தவருக்கும் மனு எழுதிக் கொடுத்தார். மனுவோ அரைப்பக்கம், கதையோ நண்பகல் ளுஹர் பாங்கு வரைக்கும்! வந்தவர் மருமகள் சண்டையிலிருந்து மாட்டுக்கு வந்த நோய் வரை கொட்டித் தீர்த்துத்தான் கதிரையை விட்டு எழும்புவார். உம்மாவும் வாப்பாவும் மௌத்தான பின் மிஸ்ஸுக்குத் தனிவீடு. பேச்சுத்துணை என்றால் அந்தக் கதிரையில் வந்து குந்துகிறவர்கள்தான். எங்கள் எல்லாருக்கும் தெரிந்தும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத சங்கதி இது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது என்று ஆளுக்கொரு செயலியைப் போனில் இறக்கி நாங்கள் அமர்க்களம் பண்ணிய காலத்தில், ஆய்ந்து தெளியாமல் எதையும் அணைத்துக்கொள்ளாத அறிவுச்செல்வி இவர் ஒருவரே அமைதியாய் இருந்தார். விடை தெரிந்த வேலையைத்தான் முதலில் கொடுத்துப் பார்ப்பார். கணக்குப் பிரிவுப் பவிதரன் கூட்டறிக்கை எழுதும் செயலி ஒன்றைப் பெருமையோடு கொண்டுவந்தார். அது எழுதிய அறிக்கையில், அன்று காய்ச்சலில் சுருண்டு கிடந்த எங்கள் தலைவர் எழும்பி நன்றியுரை ஆற்றியிருந்தார்!

"மனிசன் வீட்டில கிடந்து இருமுறாரு, இது அவர மேடையில ஏத்திட்டுதே!" என்றார் மிஸ்.

"வழமையா அவர்தானே மிஸ் நன்றி சொல்ற?" என்று பவிதரன் இழுத்தார்.

"வழமையச் சொல்ல நாம இரிக்கம் தம்பி. இது நடந்தத எழுதட்டும்."

அந்தச் செயலி அன்றே கழிந்தது. சிங்களச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கும் இன்னொன்றைப் பழைய மொழிபெயர்ப்புகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து, பொறுமையின் பொற்குன்றான மிஸ் சரி என்றார். இன்று வரை அதுதான் எங்களுக்குக் கைகொடுக்கிறது.

பிறகு வந்தது மனு எழுதும் செயலி. வாயால் சொன்னால் போதும், அதுவே மனுவாக்கித் தரும். பாலமுனையிலிருந்து கிழமை தவறாமல் பஸ்ஸேறி வரும் சபியா உம்மாவின் முன்னால் போனை வைத்து, இதனோடு கதையுங்கள் என்றார் மிஸ். வாசலில் கழிவுநீர்க் கான் அடைபட்டு நுளம்பு பெருகிய கதையை உம்மா விலாவாரியாகச் சொன்னார். செயலி அழகாக எழுதியது. கடைசியில், 'ஆதரவற்ற எனக்கென்று ஒருவருமில்லை' என்று தன்பாட்டில் ஒரு வரியும் சேர்த்துவிட்டது.

உம்மாவுக்கு வந்ததே கோபம்! "என்ர ரெண்டு மகனும் கத்தார்ல குத்துக்கல்லாட்டம் இரிக்கானுகள். ஒருத்தரும் இல்லயெண்டு நான் சொன்னயா மகள்?"

மிஸ் போனைக் கையில் எடுத்தார். அந்த வரியைத் திரும்பவும் ஒருமுறை வாசித்தார். உம்மாவுக்குப் பொய்யான அவ்வரி வாசித்தவரின் நெஞ்சில் போய்த் தைத்ததைப் பக்கத்து மேசையிலிருந்த பாஹிமா கண்டார். பிறகு மிஸ், சொல்லாததை எழுதுகிற கருவி வேண்டாம் என்று அதை அழித்தார்.

அடுத்து வந்த செயலி தெரியாததைக் கேட்டது, சொன்னதை மட்டும் எழுதியது. சரியில்லை என்று மிஸ் ஒரு சொல் சொல்லியிருந்தால் அதுவும் போயிருக்கும், கதிரை நிறைந்தே இருந்திருக்கும். ஏனென்று கேட்பாருமில்லை. மிஸ்ஸோ சரி என்றார்.

"இது வந்தா உங்கட மேசைக்கு இனி ஆரு மிஸ் வாற?" என்று பாஹிமா கேட்டே விட்டார்.

"அவகட வேல நடந்தாப் போதும் பாஹிமா. இந்த வெயிலுக்க பஸ்ஸேறி ஏன் அலையணும்?" என்றார், நீதி தவறாத எங்கள் நெஞ்சுரச் செல்வி!

உம்மாவின் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தார். மனு சுருக்காக முடிந்தது. "முடிஞ்சா? இனி என்ன செய்யிற? அப்ப நான் போறன் மகள்" என்று உம்மா எழும்பினார். இருங்க என்று சொல்ல மிஸ்ஸுக்கு வாய் வரவில்லை. வேலை இல்லாமல் ஒருவரை எப்படி இருத்தி வைப்பது? "ஓம் உம்மா" என்றார், அவ்வளவுதான்.

அதன் பின் ஊர் மனுவெல்லாம் ஊரிலேயே முடிந்தது. சங்கத்துக்குப் பேர், எங்களுக்கு ஓய்வு. மிஸ்ஸோ காலையில் வந்து அந்தக் கதிரையைத் துடைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பகல் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்காமலே வீட்டுக்குக் கொண்டுபோன நாட்களும் உண்டு.

சென்ற கிழமை, பாலமுனைக்காரியான பாஹிமாவோடு திடுமென ஆட்டோவில் ஏறினார். கருவி பாவனையில் எப்படி என்று நேரில் பரிசோதிக்கவாம்! சபியா உம்மாவின் வாசலில் கான் துப்புரவாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஆரு? என்ர மகளா!"

"போன் சரியா எழுதுதா எண்டு பாக்க வந்த உம்மா" என்றார் மிஸ், வாசற்படியிலேயே நின்றபடி.

உம்மா கையிலிருந்த போனைப் பார்த்தார். மிஸ்ஸின் முகத்தையும் பார்த்தார்.

"எங்க மகள் எழுதுது? சரியான பழுது. கிழமைக்கொருக்கா நீங்க வந்து பாக்கத்தான் வேணும். உள்ளுக்கு வாங்க, பிளேன்டி ஊத்துறன்."

மறுநாள் மிஸ் தந்த பரிசோதனை அறிக்கை இது: 'பாலமுனை சபியா உம்மாவின் கருவி பழுது. வாராந்தம் நேரில் சென்று பார்க்கப்பட வேண்டும்.' பொய்யென்று ஒரு வரி எழுதியறியாத கை எழுதிய முதற்பொய் இது என்பதை, அவையோரே, சங்கத்தில் அறியாதவர் எவருமில்லை. இருந்தும் அவ்வறிக்கையை ஒருமனதாக ஏற்றுக்கொள்கிறோம். அந்தப் பழுது ஒருநாளும் திருந்தாதிருக்கவும், அதைப் பார்க்கப் போய்வர எங்கள் நஸ்லின் மிஸ்ஸுக்குக் கால்நோவும் கண்மங்கலும் இல்லாத நெடிய ஆயுளை இறைவன் அருளவும் இறைஞ்சுகிறோம்!

இங்ஙனம்,
அவர் எழும்பிப் போய்விடாதிருக்க வாசற்கதவருகே நிற்கும்
கரையோரப் பொதுநலச் சங்க ஊழியர்கள்,
கல்முனை.