தொண்ணூறு நிமிடம்

நான் பெருக்கிய கடையில் தரை எப்போதும் சுத்தமாக இருந்தது. காசாளரைக் கேட்டால் அதை மறுக்கமாட்டார். எங்கள் நாரின் நகரில் பந்தயக் கடை அது ஒன்றுதான். தோற்றவர்கள் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். நான் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துவைத்துப் படிப்பேன். புரியாத சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டு, அதே சொல்லை யாராவது பேசும்வரை அந்த இடத்தையே பெருக்கிக்கொண்டிருப்பேன். பெருக்குகிறவளை யாரும் பார்ப்பதில்லை, ஐயா. இப்போது என்னை விசாரிக்கிற நீங்களே இரண்டு முறை அங்கே வந்திருக்கிறீர்கள்.

எனக்கு எழுதும் பழக்கம் முன்பே உண்டு. எட்டாம் வகுப்பில் இருந்தபோது அண்ணி சலிமாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அண்ணன் மெதெர் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். "ஆட்டை எண்ணத் தெரியுதுல்ல, அது போதும்" என்றார். படுக்கைக்கு அடியில் நான் ஒளித்துவைத்திருந்த நோட்டுகளை அந்தக் குளிர்காலத்தில் கண்டெடுத்து, ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டார். அதிகம் பேசாத என்னை அவர் ஊமை என்றுதான் கூப்பிடுவார். "பரவால்லையே, ஊமை எழுத்துலயும் சூடு இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. மொத்தம் பதினோரு நோட்டுகள்.

இந்த வசந்தத்தில் அவரும் கடைக்கு வரத் தொடங்கினார். பலகையில் ஓடும் எழுத்துகளைப் பார்த்து விழிப்பார். "மெதெரு, இது ஆட்டுச்சந்தை இல்லப்பா. வாயைத் தொறந்து பல்லைப் பாக்க முடியாது" என்று அங்கிருப்பவர்கள் கேலி செய்வார்கள். அவருக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் வீட்டில் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார். நான் பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"ஏய் ஊமை, ஃபோரா ஃபோராங்கிறானுங்களே, அப்படின்னா என்ன?"

"நோஞ்சான் குதிரையை நூறடி முன்னாடி நிறுத்தி ஓடவிடுற மாதிரிண்ணே. தோக்குற அணிக்கு முன்கூட்டியே ஒரு கோல் குடுத்துடுவாங்க."

"அட, இவ்வளவுதானா? இதுக்குத்தான் அவனுங்க இவ்வளவு அலட்டுறானுங்களா?"

நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாறு ஆட்டங்களை ஒரே சீட்டில் கோத்தால் அது எக்ஸ்பிரஸ். ஒன்று கவிழ்ந்தால் எல்லாம் கவிழும். தோற்கவே தோற்காது என்று நம்புகிற சீட்டு இரும்பு. தோற்றவனை ஊற்றிவிட்டான் என்பார்கள். பிறகு துரத்தல். தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாக வைக்க வேண்டும். அதிலும் தோற்றால் மறுபடி இரட்டிப்பு. ஒரே ஒரு வெற்றி, போனதையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்பார்கள்.

"ஓநாய் ஆட்டைத் தூக்கிட்டுப் போனா சும்மாவா இருப்பீங்க?" என்று கேட்டேன்.

"எவன் சும்மா இருப்பான்? பின்னாடியே போவேன்."

"அதேதாண்ணே."

கோடை முடிவதற்குள் மந்தை போய்விட்டது. மூன்று பெட்டை ஆடுகளும் சாம்பல் குதிரையும் மிஞ்சின. நான் சொல்லைத்தான் கொடுத்தேன். ஓடியது அவர்.

அந்தக் குதிரையை அவர் குட்டியிலிருந்து வளர்த்தவர். குழந்தைகளுக்கு ஊட்டி நான் பார்த்ததில்லை, குதிரைக்கு ஊட்டிப் பார்த்திருக்கிறேன். கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் அதை இறைச்சிக்கடை சபாரிடம் விட்டுப் பணம் வாங்கினார். ஆட்டத்துக்கு மறுநாள் நண்பகலுக்குள் மீட்காவிட்டால் வெட்டிவிடுவேன் என்று சபார் சொல்லியிருந்தார். அன்று மாலை அண்ணன் பலகையைப் படமெடுத்து வந்து காட்டினார்.

"ஓஷ் அணி ஜெயிக்கும்னு ஒண்ணு போட்டிருக்கான். ஓஷ் கோப்பையைத் தூக்கும்னு இன்னொண்ணு போட்டிருக்கான். ஜெயிச்சாத்தானே தூக்குவான்? அப்புறம் முதல் சீட்டுக்கு மட்டும் ஏன் கூடக் குடுக்குறான்?"

வெற்றிச் சீட்டுக்குத் தொண்ணூறு நிமிடம்தான் ஆயுள். கூடுதல் நேரத்தில் விழும் கோல் அதற்குச் சேராது. அதனால்தான் அதற்குக் கூடுதல் தொகை. என் நோட்டின் மூன்றாம் பக்கத்திலேயே இது இருக்கிறது.

"கடைக்காரனுக்கு ஓஷ் மேல நம்பிக்கை இல்லண்ணே" என்றேன்.

"அப்போ ஜெயிச்சாப் போதும்?"

"போதும்ணே."

இதைப் பொய் என்று நீங்கள் எழுதக் கூடாது. அவர் காரணம் கேட்டார், நான் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். நோட்டைக் காட்டு என்று கேட்டிருந்தால் காட்டியிருப்பேன்.

ஆட்டம் பிற்பகலில் நடந்தது. பார்க்கும் தைரியமில்லாமல் அவர் முற்றத்தில் குதிரை கட்டும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே தொலைக்காட்சியில் பார்த்தேன். தொண்ணூறாவது நிமிடத்தில் ஒன்றுக்கு ஒன்று. குதிரைப் பணம் முழுவதையும் அவர் வைத்திருந்த வெற்றிச் சீட்டு அப்போதே செத்துவிட்டது. கூடுதல் நேரத்தில் ஓஷ் இன்னொரு கோல் போட்டு ஜெயித்தது. நான் வெளியே ஓடி, அண்டைவீட்டார் எல்லாரும் கேட்க, "சுயுன்சு" என்று கூவினேன். நல்ல சேதி கொண்டுவருகிறவர் அப்படிக் கூவினால், கேட்டவர் கையில் இருப்பதைக் கொடுத்தாக வேண்டும். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்.

அவர் என்னைத் தூக்கிச் சுற்றினார். "என்னடி வேணும் உனக்கு? கேளு, புருல், கேளு" என்றார். அன்றுதான் என் பெயரைச் சொன்னார். நான் கேட்பதற்குள் அவரே, "தெரியும், தெரியும். செப்டம்பர்ல மாலைப் பள்ளியில சேத்துவிடுறேன். எத்தனை நோட்டு வேணும்னாலும் வாங்கித் தாரேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பிறகு ஒரு பெட்டை ஆட்டை அறுத்தார்.

சலிமாவின் அப்பா இருபது குதிரைகள் வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாம்பல் குதிரையை மீட்க உதவியிருப்பார். அன்று மாலையும் மறுநாள் காலையும் இருந்தன. நான் பாத்திரம் கழுவினேன்.

மறுநாள் அவர் நிதானமாகச் சாப்பிட்டு, புதுச் சட்டை போட்டு, நண்பகல் நெருங்கும்போது நான் பெருக்கிக்கொண்டிருந்த பந்தயக் கடைக்கு வந்தார். காசாளர் சீட்டைத் திருப்பித் தள்ளினார். "தொண்ணூறு நிமிஷத்துல சமநிலைண்ணே. இது செல்லாது."

"மெதெர் ஊத்திட்டான்டா. அந்த ஆட்டுல ஒரு தொடையாச்சும் மிச்சமிருக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"மூணாம் பக்கத்துல இருக்குண்ணே" என்றேன்.

அவர் சபாரின் கடைக்கு ஓடினார். சபார் நேரம் தவறாதவர். கொக்கியில் தொங்கிய தோலின் நிறத்தைப் பார்த்துவிட்டு, அண்ணன் நேராக ஆற்றுக்கு நடந்திருக்கிறார். கரையில் தொப்பி கிடந்தது. மூன்று நாள் கழித்துப் பாலத்துக்குக் கீழே அவரும் கிடைத்தார்.

தெரிந்துதான் செய்தாயா என்று கேட்கிறீர்கள். ஆமாம், தெரிந்துதான் செய்தேன். "போதும்ணே" என்று சொன்னபோதே தெரியும். முற்றத்தில் கூவியபோதும் தெரியும்.

ஒன்று மட்டும் விட்டுப்போகாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. செப்டம்பர் வந்துவிட்டது. என்னைப் பள்ளியில் சேர்ப்பதாக ஊரறியச் சொன்னவர் அவர். அவர்தான் வாக்குத் தவறினார்.